பெருங்கடை ஊருக்குள் வருமுன் செய்ய வேண்டியவை

அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் விளிம்பில், நெடுஞ்சாலைச் சந்திப்பை ஒட்டிச் சில ஆண்டுகளாகத் தரிசாகக் கிடக்கும் பண்ணை நிலத்தில் அளவையாளர்கள் முளைக்குச்சி அடித்து ஆரஞ்சு நாடா கட்டுவதைப் பார்த்த பிறகுதான் ஊர்மக்களில் பெரும்பாலோர் விழித்துக்கொள்கிறார்கள். அதற்குள் மனை மேம்பாட்டு நிறுவனம் நில உரிமையாளருடன் ஒப்பந்தம் போட்டிருக்கும்; போக்குவரத்துப் பொறியாளரை அமர்த்தியிருக்கும்; நகர அலுவலகத்தில் இரண்டு மூன்று சுற்றுப் பேச்சும் முடிந்திருக்கும். எதிர்ப்பவர்கள் பல மாதங்கள் பிந்தித்தான் களத்தில் இறங்குகிறார்கள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டால், எஞ்சியிருக்கும் காலத்தை வீணாக்காமல் பயன்படுத்தலாம்.

தமிழில் பெட்டிக்கடை என்றால் கடைகளிலேயே மிகச் சிறியது. அமெரிக்கர்கள் ‘பெரிய பெட்டி’ என்று பெயரிட்டு அழைப்பது அதற்கு நேர் எதிரான ஒன்று: சன்னலற்ற ஒற்றைத் தளக் கட்டடம், 50,000 முதல் 2,00,000 சதுர அடி வரையிலான பரப்பு, முன்புறம் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டி நிறுத்துமிடம். வால்மார்ட் தன் முதல் கடையை 1962-இல் ஆர்கன்சா மாநிலத்தின் ராஜர்ஸ் என்னும் ஊரில் திறந்தது. மளிகையையும் சேர்த்து விற்கும் அதன் முதல் சூப்பர்சென்டர் 1988-இல் மிசூரி மாநிலத்தின் வாஷிங்டன் என்னும் ஊரில் வந்தது. அந்நிறுவனத்தின் பெயர் இங்கே அடிக்கடி வருவதற்குக் காரணம், அதனோடு மோதிய ஊர்களின் அனுபவமே வழக்குகளாகவும் வாக்கெடுப்புகளாகவும் மிகுதியாகப் பதிவாகியிருப்பதுதான். முறைகள் எந்தப் பெருங்கடைக்கும் பொருந்தும்.

‘எங்கள் ஊர் தன் முகத்தை இழந்துவிடும்’ என்ற உணர்வு நியாயமானது. ஆனால் கட்டட விண்ணப்பங்களை ஆராயும் ஊர்த் திட்டக் குழுவின் மேசையில் அந்த உணர்வுக்கு எடை கிடையாது. அங்கே எடைபோடப்படுபவை இரண்டுதான்: மண்டல விதியில் (எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று வகுக்கும் ஊரின் சட்டம்) ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும் சொற்கள், விசாரணையின் பதிவேட்டில் ஏறிய சான்றுகள். ஊரின் முகத்தைக் காப்பது என்பது நடைமுறையில் அந்த முகத்தை அளவாகவும் எண்ணாகவும் விதியாகவும் எழுதிவைப்பதே. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுவதால், கீழே சொல்லப்படுவதைச் செயலாக்கும் முன் நிலப் பயன்பாட்டுச் சட்டத்தில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரமாவது பேசிவிட வேண்டும்.

மண்டல விதியை வாசித்தல்

மண்டல விதிகளால் நிலப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் ஊராட்சிகளுக்கு உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926-இல், ஒஹையோவின் யூக்ளிட் என்னும் ஊர் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பெருங்கடைச் சண்டையும் அடிப்படையில் ஒரு வரைபடத்தையும் ஒரு பட்டியலையும் பற்றிய சண்டைதான். நகர அலுவலகத்தில் மண்டல வரைபடத்தையும் பயன்பாட்டுப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான ஊர்கள் இணையத்திலும் வைத்திருக்கின்றன. குறிப்பிட்ட மனை எந்த மண்டலத்தில் இருக்கிறது, அந்த மண்டலத்தில் சில்லறை வணிகம் எந்த வகையில் அனுமதிக்கப்படுகிறது என்பதே முதல் கேள்வி.

விடை மூன்றில் ஒன்றாக இருக்கும். சில்லறை வணிகம் அங்கே உரிமையாகவே அனுமதிக்கப்பட்டிருந்தால் ஊரின் பிடி மிகவும் தளர்ந்தது. நுழைவாயில், வடிகால், விளக்கு போன்ற விவரங்களில் மட்டுமே குழு கைவைக்க முடியும். சிறப்பு அனுமதி தேவைப்பட்டால் பிடி இறுகும், ஏனென்றால் அனுமதிக்கான நிபந்தனைகள் நிறைவேறுகின்றன என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. பண்ணை நிலத்தையோ குடியிருப்பு நிலத்தையோ வணிக மண்டலமாக மாற்ற வேண்டியிருந்தால் ஊரின் கை மிக வலுவானது; அது ஊர் மன்றம் விரும்பினால் செய்யலாம், விரும்பாவிட்டால் மறுக்கலாம் என்ற சட்டமியற்றும் முடிவு. மாசசூசெட்ஸில் வணிகத்துக்காக ஒரு நிலத்தின் மண்டலத்தை மாற்றப் பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் ஊர்களில், மாற்றத்துக்கு உள்ளாகும் நிலத்திலோ அதை ஒட்டி 100 அடிக்குள் இருக்கும் நிலத்திலோ 20 விழுக்காட்டுக்கு உரிமையுள்ளவர்கள் கையெழுத்திட்டு எதிர்ப்பைப் பதிவு செய்தால், மன்றத்தில் நான்கில் மூன்று பங்கு வாக்கு தேவைப்படும். இப்படிப்பட்ட ஒரு தாளுக்குப் பக்கத்து நிலக்காரர்கள் மூன்று பேரிடம் வாங்கும் கையெழுத்து, ஊர் முழுக்கச் சுற்றி வாங்கும் ஆயிரம் கையெழுத்துகளைவிடப் பயன்தரக்கூடும்.

விண்ணப்பம் வருமுன் விதி எழுதுதல்

விண்ணப்பம் தாக்கலாவதற்கு முன்பே விதியைத் திருத்திவிடும் ஊர்தான் நல்ல நிலையில் இருக்கிறது. முறையான விண்ணப்பம் வந்துவிட்டால், பல மாநிலங்களில் அது பழைய விதியின்படியே பரிசீலிக்கப்படும். ஆகவே, பெருங்கடை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதுமே, ஊரின் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தைப் புதுப்பிக்கும் வரை பெரிய வணிகக் கட்டடங்களுக்கு ஆறு மாதமோ ஓராண்டோ தற்காலிகத் தடை விதிக்குமாறு மன்றத்திடம் கேட்பது வழக்கம். டாஹோ ஏரிப் பகுதியில் 32 மாதங்கள் நீடித்த தடை, நீடித்தது என்பதனாலேயே, இழப்பீடு தர வேண்டிய வகையில் நிலத்தைப் பறித்ததாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் கூறியிருக்கிறது. ஆனால் தடைக்காலத்தில் உண்மையாகவே திட்டமிடும் வேலை நடக்க வேண்டும். ஒரு நிறுவனத்தை வெளியே நிறுத்துவதற்காக மட்டும் போட்ட தடை என்று தெரிந்தால் நீதிபதிக்குப் பொறுமை இருக்காது.

என்ன எழுதுவது? முதலாவது அளவு வரம்பு. கலிபோர்னியாவின் டர்லாக் நகரம் 2004-இல், 1,00,000 சதுர அடிக்கு மேற்பட்டு, விற்பனைத் தளத்தில் குறைந்தது ஐந்து விழுக்காட்டை விற்பனை வரியற்ற மளிகை போன்ற பொருள்களுக்கு ஒதுக்கும் தள்ளுபடிப் பெருங்கடைகளைத் தடை செய்தது. வால்மார்ட் தொடுத்த வழக்கில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006-இல் அந்த விதியை உறுதி செய்தது. வரம்பை எழுதும்போது ‘கட்டடம்’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் நம்பக் கூடாது. மேரிலாந்தின் கால்வர்ட் மாவட்டத்தில் வரம்பு 75,000 சதுர அடியாக இருந்தபோது, 2005-இல் டன்கர்க் என்னும் இடத்தில் முன்வைக்கப்பட்ட திட்டத்தில் கடையின் பரப்பு 74,998 சதுர அடி. தோட்டக்கலைப் பொருள்களுக்கு அதன் பக்கத்திலேயே தனியாக இன்னொரு கட்டடம். இரண்டு சதுர அடியை மிச்சம் வைத்த அந்த நேர்த்தியை வியக்காமல் இருக்க முடியவில்லை. ஆகவே, ஒரே மனையிலோ அடுத்தடுத்த மனைகளிலோ ஒரே நிறுவனம் நடத்தும் கட்டடங்கள் அனைத்தின் கூட்டுப் பரப்பு என்றும், கூரையற்ற விற்பனைப் பகுதியும் கணக்கில் சேரும் என்றும் தெளிவாக எழுதிவிட வேண்டும்.

இரண்டாவது தாக்க ஆய்வு. மேய்ன் மாநிலம் 2007-இல் இயற்றிய சட்டம், 75,000 சதுர அடிக்கு மேற்பட்ட கடைகளுக்கு அனுமதி தருமுன் உள்ளூர்ப் பொருளாதாரத்தில் அவற்றின் விளைவைச் சார்பற்ற ஒருவர் ஆய்ந்து அறிக்கை தர வேண்டும் என்றது. இதை ஊர் அளவிலும் விதியாக்கலாம். ஆய்வுக்கான செலவை விண்ணப்பதாரர் ஏற்க வேண்டும், ஆய்வாளரை ஊரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற இரண்டும் விதியிலேயே இருக்கட்டும். ஆய்வாளரை யார் அமர்த்துகிறார்களோ அவர்களுக்கு ஏற்ற அறிக்கைதான் வரும் என்று சொன்னால் அது குதர்க்கமாகத் தோன்றலாம். இரண்டு அறிக்கைகளை அருகருகே வைத்துப் படித்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

மூன்றாவது வடிவ விதிகள். கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் 1995-இலேயே பெரிய சில்லறைக் கட்டடங்களுக்கென வடிவ விதிகளை வகுத்த நகரம்: நீண்ட வெற்றுச் சுவருக்குத் தடை, கூரை விளிம்பில் மாற்றம், பாதசாரிகளுக்கு நடைபாதை, வண்டி நிறுத்துமிடம் முழுவதையும் முன்புறத்திலேயே குவிக்காமை என்று. என் பார்வையில் இவை தேவையானவை, ஆனால் தனியே போதாதவை. செங்கல் முகப்பு ஒட்டிய பெருங்கடையும் பெருங்கடைதான்.

சங்கிலிக் கடைகளுக்கு எதிரான விதிகளில் கூடுதல் கவனம் வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒரே பெயர், ஒரே அலங்காரம், ஒரே சீருடையோடு இயங்கும் கடைகளுக்குச் சான்பிரான்சிஸ்கோ 2004 முதல் தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. ஃபுளோரிடாவின் இஸ்லமொராடா கிராமம் இதையே செய்தபோது, 2008-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியை நீக்கியது: மாநிலங்களுக்கிடையிலான வணிகத்துக்கு அது சுமை, அதை ஈடுசெய்யும் உள்ளூர் நோக்கத்தை ஊர் காட்டவில்லை என்பதே காரணம். மறுபக்கம், கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 2007-இல் ஹான்ஃபோர்ட் நகர வழக்கில், ஊர் நடுவிலுள்ள வணிகப் பகுதியின் உயிரோட்டத்தைக் காப்பதற்காக வேறொரு மண்டலத்தில் மரச்சாமான் விற்பனையைக் கட்டுப்படுத்தியது செல்லும் என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பாடம் தெளிவாகும். ‘நம் கடைக்காரர்களைப் போட்டியிலிருந்து காப்பாற்ற’ என்று கூட்டத்தில் ஒரு உறுப்பினர் வாய்தவறிச் சொல்லும் வரி வழக்கில் எதிர்த்தரப்புக்குச் சான்றாகும். நடுவூர் கட்டடங்கள் காலியாவது, சாலை நெரிசல், வடிகால் சுமை ஆகியவற்றைச் சான்றோடு பேசினால் அது விதியின் நோக்கமாக நிற்கும்.

அளவு வரம்பு எல்லாவற்றையும் பிடித்துவிடாது என்பதையும் மறக்க வேண்டாம். ஏறத்தாழ 10,000 சதுர அடியில் முடிந்துவிடும், மலிவுப் பொருள் விற்கும் ‘டாலர் கடைகள்’ அந்த வலையில் சிக்குவதே இல்லை. ஓக்லஹோமாவின் டல்சா நகரம் 2018-இல் தன் வடபகுதியில், இத்தகைய இரண்டு கடைகளுக்கிடையே ஒரு மைல் இடைவெளி வேண்டும் என்று விதித்தது. அளவால் பிடிக்க முடியாததைத் தொலைவால் பிடிக்கும் வழி அது.

வரைபடத்தைத் தரையில் பார்த்தல்

மனை வரைபடம் பொதுமக்கள் பார்வைக்கு வந்த அன்றே நகல் வாங்குங்கள். பெரிய தாள்கள் இருபது முப்பது இருக்கும். எல்லாம் ஒரேமாதிரி தோன்றும். நேரம் குறைவென்றால் மூன்று தாள்களை மட்டும் எடுத்து மேசையில் விரியுங்கள்: மனை அமைப்பு, சரிவும் வடிகாலும், விளக்குகள்.

மனை அமைப்புத் தாளில் 1,50,000 சதுர அடிக் கடை என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. ஆகவே கட்டடம் மட்டும் ஏறக்குறைய 3.4 ஏக்கர். ஆயிரம் சதுர அடிக்கு ஐந்து வண்டி என்ற கணக்கில் 750 வண்டிகள். இடைவழிகளையும் சேர்த்து வண்டிக்கு 325 சதுர அடி என்றால் இன்னும் 5.6 ஏக்கர். ஆக ஒன்பது ஏக்கர் நிலம் கூரைக்கோ தாருக்கோ அடியில் போகிறது. ஓர் ஏக்கரில் ஓர் அங்குல மழை பெய்தால் 27,154 கேலன் நீர். ஒன்பது ஏக்கருக்கு ஏறத்தாழ 2,44,000 கேலன், அதாவது ஒன்பதே கால் லட்சம் லிட்டர். மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்த அந்த நீர் இனி எந்தக் குழாய் வழியாக, எந்த ஓடைக்கு, எவ்வளவு நேரத்தில் போகப்போகிறது என்று இரண்டாவது தாளில் விரலால் தொடர்ந்து பாருங்கள். ஓடை சாலையைக் கடக்கும் பாலத்தடிக் குழாயின் விட்டத்தை நீங்களே போய் அளந்து, அளவுநாடா தெரியும்படி படம் எடுத்துவையுங்கள். வரைபடத்தில் குறித்திருப்பதும் நேரில் இருப்பதும் வேறுபட்டால், அந்த ஒரு படம் பத்துப் பேச்சுக்குச் சமம்.

விளக்குத் தாளில் கம்பங்களின் உயரத்தையும் மனை எல்லையில் விழும் ஒளியின் அளவையும் பாருங்கள். கடையின் பின்புறம் சரக்கு வண்டிகள் நிற்கும் இடம் யார் வீட்டுப் படுக்கையறைக்கு எதிரே இருக்கிறது, அவை எந்த மணிக்கு வந்துபோகும் என்பதற்கு எழுத்தில் விடை கேளுங்கள். விளம்பரக் கம்பத்தின் உயரத்தைக் காட்ட எளிய வழி உண்டு: நில உரிமையாளரின் அனுமதியோடு மனையில் அதே உயரத்துக்குக் கயிறு விட்டு ஒரு பெரிய பலூனைப் பறக்கவிட்டு, ஊர்ச் சதுக்கத்திலிருந்தும் பள்ளி வாசலிலிருந்தும் அது தெரிவதைப் படம் எடுப்பது. அனுமதி கிடைக்காவிட்டால், அதைச் செய்து காட்டுமாறு விண்ணப்பதாரருக்கு உத்தரவிடும்படி குழுவிடமே கோரலாம்.

போக்குவரத்து அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது முடிவுரை அல்ல, கணக்கெடுத்த நாள். பள்ளி விடுமுறையில் எடுத்ததா, வார நாள் மாலை மட்டும் எடுத்துச் சனிக்கிழமையை விட்டுவிட்டதா, மூன்று ஆண்டு பழைய எண்ணிக்கையா என்று பாருங்கள். அடுத்து, ‘வழியில் இறங்கிச் செல்பவர்கள்’ என்று எத்தனை விழுக்காடு கழித்திருக்கிறார்கள் என்பது. எப்படியும் அந்தச் சாலையில் போகிறவர்கள்தான், புதிய வண்டிகள் அல்ல என்று கழிக்கப்படும் அந்தப் பங்கைச் சற்றே உயர்த்தினால், நெரிசல் காகிதத்தில் காணாமல் போய்விடும்.

வேலையும் வரியும்

விண்ணப்பதாரர் தரப்பு நூற்றுக்கணக்கான வேலைகள், இத்தனை லட்சம் டாலர் வரி என்ற இரண்டு எண்களோடு வரும். இதற்குப் பதில் சொல்லும்போது மிகைப்படுத்தாமல் இருப்பது உங்கள் நம்பகத்தன்மைக்கு நல்லது, ஏனென்றால் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, வால்மார்ட் நுழைந்த ஆண்டில் மாவட்டத்தின் சில்லறை வேலைகள் நூறு கூடுவதாகவும், மற்றக் கடைகள் சுருங்கியும் மூடியும் போவதால் அடுத்த ஐந்து ஆண்டுகளில் அதில் பாதி மறைவதாகவும் கண்டது. 2008-இல் வெளியான இன்னொன்று, வால்மார்ட்டின் ஒவ்வொரு பணியாளருக்கும் ஈடாக ஏறத்தாழ 1.4 சில்லறைப் பணியாளர்கள் இடமிழப்பதாகக் கணக்கிட்டது. எந்த ஆய்வை ஏற்றாலும், விண்ணப்பத்தில் எழுதியிருக்கும் எண்ணிக்கை மொத்தமே தவிர நிகரம் அல்ல. கழித்தது போக எவ்வளவு என்பதே குழுவின் முன் வைக்க வேண்டிய கேள்வி. ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கென்னத் ஸ்டோன் 1980-களின் இறுதியிலிருந்து செய்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: பெருங்கடை அமைந்த ஊரில் மொத்த விற்பனை உயரலாம், அதே சரக்கை விற்கும் கடைகள் இழக்கும், சுற்றியிருக்கும் சிறிய ஊர்கள்தான் மிகுதியாக இழக்கும். ஆகவே பக்கத்து ஊர் மன்றங்களையும் விசாரணைக்கு அழையுங்கள்.

வரியைப் பொறுத்தவரை மொத்தத் தொகையைப் பார்க்காமல், ஏக்கருக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும். வட கரோலினாவின் ஆஷ்வில்லில் நடந்த புகழ்பெற்ற கணக்கீட்டில், 34 ஏக்கரில் பரந்த வால்மார்ட் ஏக்கருக்கு ஏறத்தாழ 6,500 டாலர் சொத்து வரி தந்தது. ஏக்கரில் ஐந்தில் ஒரு பங்கே பிடித்த, புதுப்பிக்கப்பட்ட நடுவூர்க் கட்டடம் ஒன்று அதே கணக்கில் ஏக்கருக்கு 6,34,000 டாலர். உங்கள் மாவட்ட மதிப்பீட்டாளரின் பொதுப் பதிவேட்டில் சொத்தின் மதிப்பும் பரப்பும் இருக்கும். ஒரு மாலை உட்கார்ந்தால் இதே கணக்கை உங்கள் ஊருக்கும் போட்டுவிடலாம்.

தருவதாகச் சொன்ன வரி பின்னால் குறையவும் கூடும். இயங்கிக்கொண்டிருக்கும் தங்கள் கடையை, மூடிக் கிடக்கும் காலிக் கட்டடங்களோடு ஒப்பிட்டு மதிப்பைக் குறைக்க வேண்டும் என்று பெரு நிறுவனங்கள் பல மாநிலங்களில் வாதிடுகின்றன. மிச்சிகனின் எஸ்கனாபா நகரம் மெனார்ட்ஸ் நிறுவனத்தின் அத்தகைய கோரிக்கையை மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை கொண்டுபோய், 2016-இல் தனக்குச் சார்பான தீர்ப்பைப் பெற்றது. அந்த வழக்கை நடத்தும் செலவைச் சிற்றூர்தான் தாங்க வேண்டியிருந்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெருங்கடை வந்தால் பல பொருள்களின் விலை குறையும். குறைந்த வருமானத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அது சிறிய விஷயம் அல்ல. அவர்களைப் பார்த்து ஊரின் அழகைப் பற்றிப் பாடம் நடத்தும் இயக்கம் தோற்கும், தோற்கவும் வேண்டும். நடுவூர்க் கடைகள் மாலை ஐந்து மணிக்கே கதவடைத்தால், வேலை முடிந்து ஆறு மணிக்கு வரும் தாய் குழந்தைக்கு எங்கே காலணி வாங்குவார் என்பதற்கு விடை இல்லாமல் மேடையேறாதீர்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டம்

ஒவ்வொருவருக்கும் பொதுவாக மூன்று நிமிடம்தான் கிடைக்கும். நாற்பது பேர் ஒரே ஆதங்கத்தை நாற்பது முறை சொன்னால் குழு உறுப்பினர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். தலைப்புகளை முன்கூட்டியே பிரித்துக்கொண்டு, ஒருவருக்கு ஒரு விதி, ஒரு சான்று, ஒரு கோரிக்கை என்று வையுங்கள். ‘இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான், இதைப் பார்க்க மனம் தாங்கவில்லை’ என்ற பேச்சுக்குக் கைதட்டல் கிடைக்கும், பதிவேட்டில் ஒன்றும் மிஞ்சாது. அதே மனிதர் இப்படிப் பேசினால் நிலைமை வேறு: ‘சிறப்பு அனுமதிக்கான மூன்றாவது நிபந்தனை, அண்டைச் சாலைகளில் ஆபத்தான நெரிசல் ஏற்படக் கூடாது என்கிறது. விண்ணப்பதாரரின் அறிக்கை சனிக்கிழமையைக் கணக்கெடுக்கவில்லை. கடந்த மூன்று சனிக்கிழமைகளில் பதினொரு மணி முதல் ஒரு மணி வரை நாங்கள் எடுத்த எண்ணிக்கையை இத்துடன் தாக்கல் செய்கிறேன். புதிய கணக்கெடுப்பு வரும் வரை விசாரணையை ஒத்திவைக்கக் கோருகிறேன்.’ பேசியதை எழுத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பல மாநிலங்களில், விசாரணையின்போது எழுப்பாத ஆட்சேபத்தைப் பின்னால் நீதிமன்றத்தில் எழுப்ப முடியாது.

குழு உறுப்பினர்கள் பெரும்பாலும் ஊதியமில்லாமல் உழைக்கும் அண்டை வீட்டுக்காரர்கள். அவர்களை விலைபோனவர்கள் என்று மேடையில் ஏசுவது தவறு மட்டுமல்ல, முட்டாள்தனமும்கூட. அடுத்த ஆண்டு வேறொரு விண்ணப்பத்துக்கும் அவர்கள்தான் அமர்ந்திருப்பார்கள்.

வாக்கெடுப்பு

மன்றத்தின் முடிவை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோக உங்கள் மாநிலத்தில் வழி இருந்தால், மனுவுக்கான கையெழுத்து எண்ணிக்கையையும் கெடுவையும் முதல் நாளே எழுதி ஒட்டிவையுங்கள். மாசசூசெட்ஸின் கிரீன்ஃபீல்டில் 1993 அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில், வால்மார்ட்டுக்கு வழிவிட்டிருக்கும் மண்டல மாற்றம் ஒன்பது வாக்கு வேறுபாட்டில் தோற்றது. நோய்வாய்ப்பட்டவர்களை வாக்குச்சாவடிக்கு அழைத்துப்போக இரண்டு வண்டிகள் இருக்கின்றனவா இல்லையா என்பதே முடிவைத் தீர்மானிக்கும் அளவு அது.

நிறுவனமே வாக்கெடுப்பைக் கொண்டுவரவும் கூடும். கலிபோர்னியாவின் இங்கிள்வுட், சிற்றூர் அல்ல, ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரம். அங்கே சுற்றுச்சூழல் ஆய்வையும் பொது விசாரணையையும் தாண்டிச் செல்லும் ஒரு முன்மொழிவை வால்மார்ட் 2004 ஏப்ரலில் வாக்காளர் முன் வைத்தபோது ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் நிராகரித்தனர். கடையை விரும்பியவர்களிலும் பலர், விதியைத் தாண்டும் அந்த வழியை விரும்பவில்லை. அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் 2005-இல் எதிர்மாறாக நடந்தது: நகர மன்றம் இயற்றிய பெருங்கடை வரம்பை வாக்காளர்கள் நூலிழையில் நீக்கினர். வரம்பு புத்தகங்களை எரிப்பதற்கு ஒப்பானது என்னும் பொருளில் நாஜிக் காலப் படம் ஒன்று அப்போது விளம்பரத்தில் வெளியாகி, அதற்காக வால்மார்ட் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அதற்குப் பிறகும் வரம்பு தோற்றது என்பது, எதிர்த்தரப்பின் தவற்றை நம்பிப் பிரசாரம் நடத்தக் கூடாது என்பதற்குப் போதுமான சான்று.

நிறுத்த முடியாதபோது

முழு வெற்றி கிடைக்காது என்று தெரிந்தால் எதைப் பெறுவது என்பதை எதிர்ப்பவர்கள் தங்களுக்குள் முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். வெர்மான்ட் மாநிலத்தில் 1970-இல் இயற்றப்பட்ட 250-ஆம் சட்டம் பெரிய திட்டங்களைச் சுற்றுச்சூழல், போக்குவரத்து, ஊராட்சிச் செலவு என்ற அளவுகோல்களால் அளக்கிறது. பெருங்கடைகளின் வருகையைக் கண்டு தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை 1993-இல் அந்த மாநிலம் முழுவதையுமே ஆபத்துக்குள்ளான இடங்களின் பட்டியலில் சேர்த்தது. வால்மார்ட் இல்லாத கடைசி மாநிலமாக இருந்த அங்கே, அதன் முதல் கடை 1995-இல் பென்னிங்டனில், ஏற்கெனவே இருந்த பழைய கடைக் கட்டடத்தில், அந்நிறுவனத்தின் வழக்கத்தைவிடச் சிறிய அளவில் திறந்தது; ரட்லண்டில் 1997-இல் ஊர் நடுவிலேயே, முன்பு கேமார்ட் என்னும் வேறொரு சங்கிலிக் கடை இருந்த கட்டடத்தில் வந்தது. கடை வந்தது, வயல் போகவில்லை.

நிபந்தனைகளில் மிகவும் மதிப்புள்ளது, கடை மூடும் நாளைப் பற்றியது. கட்டடம் ஓராண்டுக்கு மேல் காலியாகக் கிடந்தால் இடித்து நிலத்தைச் சமன்படுத்தும் செலவுக்கான வைப்புத்தொகையை முன்பே பெறுங்கள். விட்டுச்செல்லும்போது போட்டி நிறுவனம் அங்கே வரக் கூடாது என்று பத்திரத்தில் தடை எழுதுவது சில நிறுவனங்களின் பழக்கம். அதைச் செய்ய முடியாதபடி ஒப்பந்தத்திலேயே தடுத்துவிடுங்கள்.

நீதிமன்றக் கெடு குறுகியது. மாசசூசெட்ஸில் முடிவு ஊர் எழுத்தரிடம் தாக்கலான 20 நாளுக்குள், நியூயார்க்கின் மண்டல முடிவுகளுக்கு 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்தாக வேண்டும். ஆகவே வழக்கறிஞரையும் நிதியையும் முடிவு வரும் முன்பே தயார்ப்படுத்துங்கள். நல்ல பதிவேடு கையில் இருந்தால் வழக்குக்குப் பொருள் உண்டு: கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் 3.6 மைல் இடைவெளியில் திட்டமிட்ட இரண்டு சூப்பர்சென்டர்களின் அனுமதி 2004-இல் ரத்தானது. கடைகள் மூடிப்போய் ஊர்ப்பகுதி சீரழியும் அபாயத்தைச் சுற்றுச்சூழல் அறிக்கை ஆராயவில்லை என்பது ஒரு முக்கியக் காரணம்.

வென்ற பிறகு

வெர்மான்ட்டின் செயின்ட் ஆல்பன்ஸில் வால்மார்ட் திட்டம் மறுக்கப்பட்டது. அந்த மறுப்பை மாநில உச்ச நீதிமன்றம் 1997-இல் உறுதி செய்தது. பின்னர் திட்டம் மீண்டும் வந்தது. 2013-இல் கடை திறந்தது. நிலம் அதே இடத்தில், நெடுஞ்சாலைக்கு அருகிலேயே இருக்கும் வரை விண்ணப்பம் திரும்ப வரும். வென்ற மறுமாதமே அந்த மனைக்கு வேறு பயன்பாடு தேடத் தொடங்குங்கள்: மண்டலத்தை மாற்றுவது, பண்ணையாகவே தொடர்வதற்கான பாதுகாப்பு உரிமையை அறக்கட்டளை ஒன்றின் மூலம் விலைக்கு வாங்குவது, ஊருக்கு வேண்டிய வீடுகளை அங்கே கட்டுவது.

ஊருக்குக் கடை தேவை என்ற உண்மையும் வெற்றியோடு மறைந்துவிடாது. வயோமிங்கின் பவலில், இருந்த துணிக்கடைச் சங்கிலி மூடிவிட்டுப் போனதும் ஊர்மக்கள் பங்கு ஒன்று 500 டாலர் என்று முதல் திரட்டி 2002-இல் தாங்களே கடை திறந்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் சரனாக் லேக்கில் ஏம்ஸ் சங்கிலிக் கடை 2002-இல் மூடியபின், உள்ளாடையும் போர்வையும் வாங்கக்கூட வெளியூர் போக வேண்டியிருந்தது. 1,20,000 சதுர அடி வால்மார்ட் ஒன்றும் பேசப்பட்டது. அது வேண்டாம் என்றவர்கள் மாற்றாகப் பங்கு ஒன்றின் விலையை 100 டாலராக வைத்து, ஏறத்தாழ ஐந்து லட்சம் டாலர் சேர்த்து, 2011 அக்டோபரில் ஊருக்குச் சொந்தமான கடையைத் திறந்தார்கள். இதைப் பின்பற்ற நினைப்பவர்கள் பங்கு விற்பனைக்கான மாநிலப் பத்திரச் சட்டத்தை முதலில் பார்க்க வேண்டும். ஒருவர் வாங்கக்கூடிய பங்குகளுக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும். சரக்குப் பட்டியலைப் போடுமுன் வீடுவீடாகச் சென்று, வெளியூர் போய் வாங்கிவரும் பொருள்கள் எவை என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.